யோசனையோடு ஊரையும் சொல்லுங்கள்: ஆர்கன் வாசிப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆர்கன் வாசிக்கும் நண்பர்களுக்கு,

நாம் ஒருவருக்கொருவர் யோசனை சொல்வதில் கஞ்சத்தனம் இல்லாதவர்கள். யாராவது ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், பதில்கள் வந்து குவியும். எந்த ஸ்டாப், எந்த விரல், குதிகாலா முன்காலா, என்ன வேகம், பெஞ்சு எவ்வளவு உயரம், ஷூவின் அடித்தோல் எவ்வளவு மெல்லியது என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டோம். பூட்டிய கட்டடத்துக்குள், யாரும் இல்லாத நேரத்தில் தனியாக உட்கார்ந்து பழகுகிறவர்கள் நாம். பேச ஆள் கிடைத்தால் கொட்டித் தீர்ப்பது இயல்புதான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

என் வருத்தம் வேறு. ஓர் உதாரணம் சொல்கிறேன். "கல்யாணத்துக்கு விடோரின் டொக்காட்டா வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன வேகம் வைக்கலாம்?" என்று ஒருவர் கேட்கிறார். நிமிடத்துக்கு 100 தாள அடி என்கிறார் முதலாமவர். 118-க்குக் குறைந்தால் அது டொக்காட்டாவே இல்லை என்கிறார் அடுத்தவர். விடோரே 1932-இல் இசைத்தட்டில் நிதானமாகத்தான் வாசித்திருக்கிறார் என்று மூன்றாமவர் ஆதாரம் காட்டுகிறார். அப்போது அவருக்கு வயது 88, விரல் எப்படி ஓடும் என்று நான்காமவர் மடக்குகிறார். பேச்சு சூடுபிடிக்கிறது, கேட்டவரை எல்லாரும் மறந்துபோகிறார்கள். அவர் எந்தத் தேவாலயத்தில், எந்த ஆர்கனில் வாசிக்கப்போகிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆர்கனைப் பற்றிய எந்த யோசனையும் ஒரு குறிப்பிட்ட கருவியில், ஒரு குறிப்பிட்ட கட்டடத்தில் பிறந்தது. அந்த ஊரைச் சொல்லாமல் யோசனையை மட்டும் கொடுத்தால், வாங்கிக்கொள்பவர் அதை வைத்து என்ன செய்வார்? யோசனை சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே அதன் ஊரையும் காரணத்தையும் சொல்லுங்கள்.

ஆர்கன் பழக்கம் இல்லாதவர்களும் இந்த மடலைப் படிக்கலாம் என்பதால் அவர்களுக்குச் சில வரிகள். வயலின்காரர் தன் வயலினைக் கையோடு எடுத்துப்போகிறார். பியானோக்காரர் எங்கே போனாலும் பெரும்பாலும் அதே 88 கட்டைகள் காத்திருக்கும். ஆர்கன் வாசிப்பவருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கட்டடத்தில் என்ன இருக்கிறதோ அதுவே அவர் கருவி. கைகளுக்கு ஒரே வரிசைக் கட்டைகள் இருக்கலாம், ஐந்து வரிசையும் இருக்கலாம். இவற்றை மேனுவல் என்கிறோம். கால்களுக்குத் தனியாகப் பெடல் கட்டைகள். துருத்தியிலிருந்து வரும் காற்று எந்தக் குழல் வரிசைக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிற குமிழ்தான் ஸ்டாப். 8 அடி என்று எழுதியிருக்கும் ஸ்டாப் பியானோவின் சுருதியிலேயே ஒலிக்கும். 16 அடி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே. எந்த ஸ்டாப்போடு எதைச் சேர்ப்பது என்ற கலைக்கு ரெஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். ஒரு சிற்றாலயத்தில் ஐந்தாறு ஸ்டாப் இருந்தாலே பெரிது. பாரிஸின் சேன்-சுல்பீஸ் ஆலயத்திலோ ஏறக்குறைய நூறு. ஒரே பெயர் எழுதிய ஸ்டாப்கூட இரண்டு ஊர்களில் ஒரே குரலில் பேசாது.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர்கள் இதை நம்மைவிட நன்றாகவே கையாண்டிருக்கிறார்கள். இத்தாலியில் பிரெஷா நகரத்து அந்தெஞாத்தி குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆர்கன் கட்டியது. அந்தக் குடும்பத்தின் கொஸ்தான்சோ 1608-இல் வெளியிட்ட நூலில், தந்தையும் மகனும் பேசிக்கொள்வதுபோல ரெஜிஸ்ட்ரேஷன் சொல்லிக்கொடுக்கிறார். எந்த ஆர்கனைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அதில் தெளிவாக இருக்கும். ஜெர்மனியில் ஹாலே நகரத்து சாமுவேல் ஷைட் 1624-இல் தன் 'தபுலதூரா நோவா'வை வெளியிட்டபோது, மூன்றாம் பாகத்தின் கடைசியில் ஆர்கன் வாசிப்பவர்களுக்கென்றே ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். இரண்டு மேனுவலும் பெடலும் உள்ள ஆர்கன் என்ற நிபந்தனையை வைத்துக்கொண்டுதான் அவர் பேசுகிறார். கோரல் எனப்படும் சபைப் பாட்டின் மெட்டு எந்தக் குரலில் வருகிறதோ அதற்கேற்ப வழி சொல்கிறார். மெட்டு ஆல்டோவில் வந்தால் பெடலில் 4 அடி ஸ்டாப்பை இழுத்து அதைக் காலால் வாசிக்கலாம் என்பது அவர் சொன்ன வழிகளில் ஒன்று. பெடல் என்றால் அடித்தொண்டைக் குரல்தான் என்று இன்றும் நினைக்கிற பலருக்கு இது புதுமையாகத் தோன்றும். காரணம் எளிது: மெட்டு மற்றக் குரல்களிலிருந்து பிரிந்து காதில் விழவேண்டும். அந்தக் காரணம் புரிந்துவிட்டால், பெடலில் 4 அடி இல்லாத ஆர்கனிலும் அதே பலனுக்கு வேறு வழி தேடிக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் நிக்கோலா லெபேக். பாரிஸின் சேன்-மெரி ஆலயத்தில் வாசித்தவர். 1676-இல் வந்த அவருடைய முதல் ஆர்கன் நூலின் முன்னுரை, பாரிஸுக்கு வந்து நேரில் கேட்க வாய்ப்பில்லாத தொலைதூர ஆர்கனிஸ்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இப்போது பாரிஸில் எப்படி வாசிக்கிறார்கள் என்பதை அவர்களுக்கும் தெரியப்படுத்துவதே அதன் நோக்கம். அதே மூச்சில் இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறார். இந்த நூலில் உள்ள சில இசைப்பகுதிகளுக்குத் தேவையான ஸ்டாப்கள் பலருடைய ஆர்கனில் இருக்காது, அவர்களுக்கு அவை பயன்படாமல் போகலாம் என்கிறார். இதைத்தான் பண்பு என்பேன். தலைநகரத்தில், வசதியான கருவியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர், சிற்றூரில் இருப்பவரின் ஆர்கனில் என்ன இருக்காது என்று முதலில் யோசிக்கிறார்.

1688-இல் இன்னொரு பாரிஸ் ஆர்கனிஸ்ட், அந்த்ரே ரேசோன், வேகத்தைப் பற்றி ஒரு வழி சொன்னார். ஒரு பகுதியைப் பார்த்ததும் அது சரபாந்தா, ஜீகா போன்ற எந்த நடனத்தின் சாயல் என்று கண்டுபிடியுங்கள், ஹார்ப்சிகார்டில் வாசிப்பதுபோலவே அந்த நடையைக் கொடுங்கள், ஆனால் இடம் புனிதமானது என்பதால் சற்று நிதானமாக வாசியுங்கள் என்பது அதன் சாரம். எண் எதையும் அவர் கொடுக்கவில்லை. நடையை எங்கே தேடுவது, அதை ஏன் மாற்றவேண்டும் என்ற இரண்டையும் கொடுத்தார். மெட்ரோனோம் பிறப்பதற்கு நூறாண்டுக்கும் முன்பு சொன்னது இன்றைக்கும் உதவுகிறது.

இனி விடோருக்கு வருவோம். அவர் 1870 முதல் 1933 வரை சேன்-சுல்பீஸில் ஆர்கனிஸ்டாக இருந்தவர். அங்கே இருப்பது ஆர்கன் கட்டுநர் கவாய்யே-கோல் 1862-இல் முடித்துக்கொடுத்த ஐந்து மேனுவல் ஆர்கன். கட்டடம் நூறு மீட்டருக்கு மேல் நீளமானது, முழுக்கக் கல். கையை எடுத்த பிறகும் ஒலி பல நொடிகள் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். 1879-இல் வெளியான, விடோருடைய ஐந்தாம் ஆர்கன் சிம்பனியின் கடைசிப் பகுதிதான் நாம் எல்லாரும் கல்யாணங்களில் வாசிக்கிற அந்த டொக்காட்டா.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 என்று வைத்தால் வலக்கையில் அடிக்கு நான்காக ஓடும் ஒவ்வொரு சிறு சுரத்துக்கும் 0.15 நொடி. எதிரொலி ஐந்து நொடி நீடிக்கும் கட்டடத்தில், ஒரு சுரம் காதில் விழும்போது அதற்கு முன்னால் வாசித்த முப்பதுக்கும் மேற்பட்ட சுரங்களின் மிச்சம் காற்றில் நிற்கிறது. அவை எல்லாம் ஒரே கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரத்தொகுதியை, சேர்ந்தவையாக இருக்கிறவரை கேட்பதற்குச் சுகமாகவே இருக்கும். கார்டு மாறும் இடத்தில்தான் தொல்லை. பழைய கார்டு போகாமல் புதியதன் மேல் படிந்து குழம்பிவிடும். ஆகவே வேகத்தைத் தீர்மானிக்கவேண்டிய இடம் முதல் பக்கத்தின் முதல் வரி அல்ல. கார்டுகள் நெருக்கமாக மாறும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து வாசியுங்கள். மாற்றம் தெளிவாகக் காதில் விழுகிற வேகம் எதுவோ, அந்த மண்டபத்துக்கு அதுதான் டொக்காட்டாவின் வேகம். இடக்கையின் கார்டுகளைத் துண்டு துண்டாக வாசிக்க வேண்டியதும் இதே காரணத்தால்தான். நடுவில் விடும் அந்த இடைவெளிதான் தாளத்தைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எதிரொலி இல்லாத, கம்பளம் விரித்த சிறிய மண்டபத்தில் அதே இடைவெளி ஓட்டையாகத் தெரியும். அங்கே கார்டைக் கொஞ்சம் நீட்டிப் பிடிக்கவேண்டும், வேகத்தையும் கூட்டலாம். இப்போது சொல்லுங்கள், 100, 118 என்ற சண்டையில் யார் பக்கம் நியாயம்? இருவர் பக்கமும் இருக்கலாம், அவரவர் கட்டடத்தைச் சொன்னால்.

இன்னொன்று. நாம் உட்கார்ந்து வாசிக்கும் கன்சோலிலிருந்து குழல்கள் 20 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி நம்மிடம் வந்துசேர 0.06 நொடி ஆகிறது. டொக்காட்டாவின் சிறு சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். காதை நம்பி வாசித்தால் வேகம் தானாகவே தளர்ந்துகொண்டு போகும். "விரலை நம்பு, காதை நம்பாதே" என்று சிலர் சொல்வது இப்படிப்பட்ட ஆர்கனில் பட்டு அறிந்தது. குழல்கள் தலைக்கு மேலேயே நிற்கும் சிறிய ஆர்கனில் அதே வாக்கு தீங்குதான் செய்யும். அங்கே காதை நம்பாமல் வேறெதை நம்புவது?

அச்சிட்ட ரெஜிஸ்ட்ரேஷனும் ஒருவகை யோசனைதான். செசார் ஃபிராங்க் 1868-இல் வெளியான 'ஆறு பகுதிகள்' நூலில் எந்த ஸ்டாப்பை எங்கே இழுக்கவேண்டும் என்று விவரமாக எழுதியிருக்கிறார். அவர் மனத்தில் இருந்தது பாரிஸின் செயின்ட் குளோதில்த் ஆலயத்து ஆர்கன். மூன்று மேனுவல், 46 ஸ்டாப், 1859-இல் திறப்பு விழா கண்ட கவாய்யே-கோல் கருவி. அதில் ரெசீ என்ற ஒரு மேனுவலின் குழல்கள் மட்டுமே கதவுள்ள பெட்டிக்குள் இருந்தன, ஒலியைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் வசதி அதற்கு மட்டும்தான். ஆகவே நம் கருவியில் மூன்று மேனுவலுக்கும் பெட்டி இருந்தாலும், ஃபிராங்க் கேட்கும் ஏற்ற இறக்கம் எதுவரை என்பதற்கு அந்தக் கட்டமைப்பே அளவுகோல்.

'இந்த இடத்தில் ரீட் (நாக்குக் குழல்) ஸ்டாப்களைச் சேர்' என்ற குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கவாய்யே-கோல் ஆர்கனில் ரீட் ஸ்டாப்களை முன்கூட்டியே இழுத்து வைத்துவிடலாம், காற்று மட்டும் போகாது. வேண்டிய நேரத்தில் ஒரு மிதியைக் காலால் அழுத்தினால் எல்லாம் சேர்ந்து முழங்கும். எனவே வாசிப்பவரின் கால் ஒரு கணம் ஓய்வாக இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் சேர்க்க முடியும். இன்றைய மின் ஆர்கனில் அதே வேலையைக் கட்டைவிரலால் ஒரு பொத்தானைத் தட்டிச் செய்கிறோம். காலால் செய்ததைக் கட்டைவிரலுக்கு மாற்றும்போது விரல் வைப்பு முழுவதையும் திருப்பி யோசிக்கவேண்டி வருகிறது. "ஃபிராங்க் எழுதியபடியே செய்" என்பவர் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா? நேரே செயின்ட் குளோதில்த்துக்கே போனாலும் ஃபிராங்க் இழுத்ததை இழுக்க முடியாது. 1933-இலும் 1962-இலும் அந்த ஆர்கன் மாற்றியமைக்கப்பட்டது. அவருடைய கை பட்ட பழைய கன்சோல் பெல்ஜியம் போய்விட்டது. நமக்கு மிஞ்சியிருப்பது அவர் தேடிய ஒலி என்ன என்ற கேள்விதான். 'முன்னிசை, ஃபியூக், வேரியேஷன்' பகுதியின் தொடக்க மெட்டுக்கு ஓபோவைக் கேட்கிறார். உங்கள் ஆர்கனின் ஓபோ முரட்டுக் குரலாக இருந்தால், பாடத்தெரிந்த ஒரு ஃப்ளூட்டைப் பிடியுங்கள். பெயரைவிட்டுக் குரலைக் கவனிப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

விரலும் காலும் வந்துவிட்டால் நமக்குள் கட்சியே பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கத்தார் பழைய முறைக்காரர்கள். 1720-இல் பாக் தன் மூத்த மகனுக்கு எழுதிய பாட ஏட்டில், 'அப்ளிகாத்சியோ' என்ற சின்னப் பாடத்தில், வலக்கை மேலே ஏறும்போது 3, 4, 3, 4 என்று விரல் போட்டிருப்பதைக் காட்டுவார்கள். பெடலில் குதிகால் படவே கூடாது என்பார்கள். மறுபக்கத்தார் லெமென்ஸின் 1862 ஆர்கன் பயிற்சி நூல், மார்செல் துய்ப்ரேயின் 1927 பயிற்சி நூல் ஆகியவற்றின் வழியாக வந்தவர்கள். சுரங்கள் ஒட்டி ஓடவேண்டும், ஒரே சுரம் திரும்ப வந்தால் முதலாவதன் பாதி அளவில் கையை எடுக்கவேண்டும் என்று கணக்காகப் பழகியவர்கள்.

இரு முறைக்கும் காரணம் உண்டு. 3, 4 என்று விரல் மாற்றிப்போனால் சுரங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து தாளத்தில் கனமும் லேசுமாக விழும். தட்டையான, நேர்க்கட்டைப் பெடலில் முன்காலால் மட்டும் வாசித்தால் ஒவ்வொரு அடியும் தனித்து நிற்கும். அப்படிப்பட்ட பெடலில் குதிகாலை வைப்பது உடம்புக்கும் சிரமம். வளைந்து விசிறியாக விரியும் 32 கட்டைப் பெடலில் குதிகால் இயல்பாகவே வந்து உட்காரும். அங்கே குதிகாலால் வாசித்தே அதே தெளிவைக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். துய்ப்ரேயின் பாதிக் கணக்கும் அப்படித்தான். எதிரொலி நிறைந்த பெரிய ஆலயத்தில் அந்தப் பாதி மௌனத்தை எதிரொலி நிரப்பிவிடுகிறது. எதிரொலி இல்லாத இடத்தில் பாதி மிகவும் அதிகம், கால் பங்கு போதும். எனவே "குதிகால் கூடாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "அடிகள் தனித்துக் கேட்கவேண்டும், என் பெடல் நேர்க்கட்டை, அதனால் முன்காலால் வாசிக்கிறேன்" என்று சொல்லிப்பாருங்கள். கேட்பவர் தன் பெடலைக் குனிந்து பார்த்துத் தானே முடிவெடுப்பார்.

இந்த இரண்டு கட்சியையும் ஒரே ஆயுளில் கடந்து வந்தவர் மாரி-கிளேர் அலேன். துய்ப்ரேயிடம் பயின்றவர். பாக்கின் ஆர்கன் படைப்புகள் முழுவதையும் மூன்று தடவை ஒலிப்பதிவு செய்தார்: 1960-களில் ஒன்று, 1970-களில் ஒன்று, 1980-களில் தொடங்கி 1990-களில் முடித்தது ஒன்று. பழுதுபார்த்து மீட்டெடுத்த பழைய ஆர்கன்களில் உட்கார உட்கார அவருடைய விரல் வைப்பும் சுரப் பிரிப்பும் மாறிக்கொண்டே போயின. முதல் பதிவைக் கேட்டு "அலேன் இப்படித்தான்" என்று மேற்கோள் காட்டுகிறவரும், மூன்றாவதைக் கேட்டு வேறு மாதிரி காட்டுகிறவரும் ஒரே நேரத்தில் சரி. எந்த ஆண்டு, எந்த ஆர்கன் என்று சேர்த்துச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. ஹாலந்தின் ஹார்லெம் நகரக் கோடைப் பள்ளியில் அலேன், வியன்னாவின் அன்டோன் ஹைல்லர், பொலோஞாவின் தாலியாவினி மூவரும் பாடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊர் புனித பாவோ ஆலயத்தில் 1738-இல் கட்டி முடித்த முல்லர் ஆர்கன் நிற்கிறது. மாணவர் வாசிக்க, ஆசிரியர் கேட்க, இருவர் காதிலும் விழுவது ஒரே ஒலி. அங்கே யோசனைக்கு ஊர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. தொலைவிலிருந்து பேசிக்கொள்ளும் நமக்குத்தான் அது கட்டாயம்.

"இவ்வளவு வேறுபாடு இருக்கிறதென்றால் யோசனையே வேண்டாம், அவரவர் காது அவரவருக்கு" என்று சிலர் சொல்லக்கூடும். அதை நான் ஏற்கமாட்டேன். பாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஸ்டாப்களை இழுக்கும் விதத்தைப் பார்த்து மற்ற ஆர்கனிஸ்டுகள் மிரள்வார்களாம், இது எப்படிச் சேரும் என்று. ஒலி எழுந்த பிறகு வியந்து நிற்பார்களாம். அந்த வித்தை தந்தையோடேயே போய்விட்டது என்ற பொருளில் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல் 1774-இல், பாக்கின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஃபோர்கெலுக்கு எழுதினார். பாக்கின் ஏடுகளில் ஸ்டாப் பெயர் குறித்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விவால்டியின் கன்செர்ட்டோ ஒன்றை அவர் ஆர்கனுக்கு மாற்றிய ஏட்டின் தொடக்கத்தில் இருக்கும் நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு அறிஞர்கள் இன்றும் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் விட்டதன் விலை அது. ஆகவே நிறையச் சொல்லுங்கள், மற்றவருக்குப் பயன்படும்படி சொல்லுங்கள்.

நம்மில் தமிழ்ச் சபைகளில் வாசிக்கிறவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. பாக் ஆர்கனுக்கு எழுதிய கோரல் முன்னிசைகளின் மெட்டுகளில் பல தரங்கம்பாடி மிஷனரிகளோடு இங்கே வந்தவை. பப்ரிஷியஸ் போன்றவர்கள் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளாக நம் சபையார் அவற்றைப் பாடுகிறார்கள். ஆனால் கட்டடம் வேறு. ஜன்னலும் கதவும் திறந்தே இருக்கும், ஒலி வெளியே போய்விடும், எதிரொலி என்று பேச ஒன்றும் இருக்காது. தலைக்கு மேல் மின்விசிறிகள் சுழலும். பல இடங்களில் குழல் ஆர்கன் இல்லை, பெடல் இல்லாத மின் கீபோர்டு மட்டுமே. அங்கிருந்து ஒருவர் "கோரலை எப்படி வாசிப்பது?" என்று கேட்டால், "பெடலில் 16 அடி சேர்" என்ற பதிலால் அவருக்கு என்ன லாபம்? இடக்கையால் அடிக்குரலை எப்படித் தாங்கிப்பிடிப்பது, ஒவ்வொரு அடியின் முடிவிலும் சபையார் மூச்சுவிட எவ்வளவு இடம் விடுவது, பாட்டு இழுபடும்போது சத்தத்தைக் கூட்டாமல் சுரங்களைக் கொஞ்சம் பிரித்து வாசித்தே எப்படி அவர்களை நடத்திக்கொண்டு போவது என்று சொன்னால்தான் அது பதில். மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய அதே 1706-இல், ஆர்ன்ஷ்டாட் நகரத்துத் திருச்சபை அதிகாரிகள் பாக்கைக் கூப்பிட்டு, கோரலில் நீ செய்யும் விநோதமான ஜாலங்களால் சபையார் குழம்பிப்போகிறார்கள் என்று கண்டித்தார்கள். சபையைப் பாடவைப்பது எந்த மேதைக்கும் தனியாகப் பழகவேண்டிய வேலை.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

கேட்பவர்களே, கேள்வியோடு உங்கள் ஆர்கனையும் எழுதுங்கள். எத்தனை மேனுவல், பெடல் உண்டா, என்னென்ன ஸ்டாப், கட்டையிலிருந்து குழலுக்கு இணைப்பு எந்திரமா மின்சாரமா? கட்டடத்தைப் பற்றியும் சொல்லுங்கள். ஒரு கார்டை முழு ஒலியில் பிடித்துச் சட்டென்று கையை எடுத்து, ஒலி அடங்கும்வரை எண்ணிப்பாருங்கள். ஆள் நிறைந்த அன்றைக்கு அந்த எண்ணிக்கை குறையும், அதையும் மனத்தில் வையுங்கள். பழக்கமில்லாத ஆர்கனுக்குப் போனால் நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி நீங்கள் நடுவரிசையில் போய் உட்கார்ந்து கேளுங்கள். கன்சோலில் கேட்பதும் அங்கே கேட்பதும் ஒன்றல்ல. பாக் புது ஆர்கனைச் சோதிக்கும்போது முதலில் எல்லா ஸ்டாப்பையும் இழுத்து வாசிப்பாராம், அதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று பார்க்க. நீங்களும் அதைச் செய்யுங்கள். முழு ஒலியில் காற்று தடுமாறினால், கடைசிப் பக்கத்தில் இரண்டு ஸ்டாப்பைக் குறைத்துக்கொள்ள முன்கூட்டியே திட்டமிடலாம். ஒரு குழல் அடங்காமல் ஊதிக்கொண்டே இருந்தால் எந்த ஸ்டாப் என்று தேடி உள்ளே தள்ளுவது யார் வேலை என்பதையும் பக்கம் புரட்டுபவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்பவர்களே, பதில் எழுதும் முன் ஒரே ஒரு எதிர்க்கேள்வி கேளுங்கள்: எங்கே வாசிக்கிறீர்கள்? பிறகு உங்கள் யோசனை எந்த ஆர்கனில் பலித்தது என்று சொல்லி, எந்த ஒலிக்காக அதைச் செய்தீர்கள் என்ற காரணத்தையும் கொடுங்கள். உங்கள் ஆசிரியர் சொன்னது என்றால், அவர் எந்த ஆலயத்தில் வாசித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நூலில் படித்தது என்றால் நூலின் ஆண்டைச் சொல்லுங்கள். மணிக்கட்டு வலிக்கிறது, இடுப்பு பிடிக்கிறது என்று யாராவது எழுதினால் பெஞ்சின் உயரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள், இன்னும் அதிகமாகப் பயிற்சி செய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டவர் உங்கள் யோசனையை ஏற்கவில்லை என்றால் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். அவருடைய மண்டபம் ஏற்காமல் இருந்திருக்கலாம்.

வேண்டுகோளை வைத்துவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொண்டால் நன்றாக இருக்காது. இதோ என் பங்கு. கருவி: இரண்டு மேனுவல், 30 கட்டைப் பெடல் உள்ள மின் ஆர்கன், ஸ்பீக்கர்கள் பீடத்துக்கு இருபுறமும். கட்டடம்: ஓட்டுக்கூரை, திறந்த ஜன்னல்கள், மின்விசிறிகள், எதிரொலி ஒரு நொடிக்கும் குறைவு. பகுதி: பாக்கின் 'ஓர்கல்புஷ்லைன்' தொகுப்பிலுள்ள அமைதியான கோரல் முன்னிசைகள். ஒன்று, மெட்டுக்குத் தனி 8 அடி ஃப்ளூட் வைத்தால் மின்விசிறி இரைச்சலைத் தாண்டிப் பின்வரிசைக்கு எட்டுவதில்லை. மெல்லிய 4 அடியையும் சேர்த்தால் எட்டுகிறது, இனிமையும் கெடுவதில்லை. இரண்டு, பெரிய ஆலயங்களில் பழகியவர்கள் சொல்லும் அளவுக்குச் சுரங்களைப் பிரித்தால் இங்கே விக்கல்போலக் கேட்கிறது. அதில் பாதியளவு பிரித்தாலே மெட்டு பேசுகிறது. மூன்று, கடைசிக் கார்டை ஏட்டில் உள்ளதைவிடச் சற்று நீட்டிப் பிடிக்கிறேன், கட்டடம் தானாக அதை நீட்டிக் கொடுக்காததால்.

இதே மாதிரியான கட்டடத்தில் வாசித்து வேறு வழி கண்டவர்கள் எழுதுங்கள். நேர்மாறான கட்டடத்தில் வாசிப்பவர்களும் எழுதுங்கள், உங்கள் ஆர்கன் விவரத்தோடு.

அன்புடன்,
உங்களில் ஒரு ஆர்கனிஸ்ட்